எந்தக் கூட்டமுங்க?

நாற்பத்திரண்டு வயதில் பெண் பார்க்கப் போனேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் இருக்கிற இடத்தில் தண்ணீர் கேட்கக்கூடக் கூச்சப்படுவேன். நான் வேலை பார்க்கும் பட்டறையின் மேஸ்திரிதான் சிங்காநல்லூருக்குக் கூட்டிப்போனார். பெண்ணின் அண்ணன் காபியைக் கையில் கொடுத்துவிட்டு, "நீங்க எந்தக் கூட்டமுங்க?" என்றார்.

"கூட்டமெல்லாம் இல்லீங்க. நாங்க ரெண்டு பேருதான் வந்திருக்கறோம்" என்றேன்.

உள்வாசலில் நின்ற கல்யாணப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார். கூட்டம் என்றால் குலம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நான் வால்பாறை எஸ்டேட் லயத்தில் வளர்ந்தவன். பல ஊர் ஆட்கள் கலந்து குடியிருந்த அந்த வரிசை வீடுகளில் யாரும் அதைக் கேட்டதில்லை. சொல்லித்தர அப்பாவும் அம்மாவும் இல்லை; என் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள்.

"எங்களுது ஆந்தைக் கூட்டமுங்க. நீங்களும் அதுவேன்னா அண்ணன் தங்கச்சி முறையாயிருமுங்க. தெரிஞ்சுக்கிட்டு வாங்க" என்றார் அண்ணன்.

அந்த இருமல் எனக்குப் பிடித்துப்போயிருந்தது. இருமியவள் எனக்குத் தங்கையாகிவிடக் கூடாதே என்று பயம் வந்துவிட்டது.

டி.என்.ஏ. என்று ஒன்று இருக்கிறதாம், ரத்தத்தை வைத்தே வம்சத்தைச் சொல்லிவிடுவார்களாம் என்று மேஸ்திரி பேப்பரில் படித்துவிட்டு வந்து சொன்னார். மறுநாளே ரத்தம் பரிசோதிக்கும் இடத்துக்குப் போய், அங்கிருந்த அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"ரத்தத்துல எந்தக் கூட்டம்னு தெரியுமுங்களா?"

"குரூப் தெரியுமுங்க" என்று ஊசியைக் குத்திவிட்டார். ஓ பாசிட்டிவ் என்று சீட்டு வந்தது. மேஸ்திரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கூட்டத்துக்குக் கோயில் எங்கன்னு போடலியே!"

லீவு போட்டு வால்பாறைக்குப் பஸ் ஏறினேன். எஸ்டேட் கிளார்க் பழைய ஆள் பதிவுப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்தார். அப்பா பெயருக்கு நேரே, அந்தியூர்ப் பக்கத்து ஊர் ஒன்று இருந்தது. அடையாளம் என்ற இடத்தில் மச்சம், தழும்பு எதுவும் இல்லை. 'அதிகம் பேசமாட்டான்' என்று எழுதியிருந்தார்கள். ரத்தச் சீட்டில் வராத வம்சம் அதில் வந்துவிட்டது.

அந்த ஊர்க் கோயிலில், குடிகளின் பெயர்களை எழுதிவைத்த பழைய நோட்டைப் பூசாரி கொடுத்தார். கிறுக்கல் எழுத்து. அப்பா பெயரைக் கண்டுபிடித்து, பக்கத்துச் சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஆந்தை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஏனுங்க, என்னாச்சுங்க?"

விரலை வைத்துக் காட்டினேன். பூசாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"அட, அது தந்தைங்க! அதுக்கு அந்தாண்ட உங்க தாத்தன் பேரு இருக்குது பாருங்க. கூட்டத்தைப் பக்கத்தோட தலையில எழுதியிருக்குது. நீங்க காடைக் கூட்டமுங்க."

அவர் காலில் விழப் போனேன். "சாமி அந்தப் பக்கமுங்க" என்று நகர்ந்துகொண்டார்.

அடுத்த வாரம் மேஸ்திரிக்கு வேலை இருந்ததால் சிங்காநல்லூருக்கு நான் மட்டும் போனேன். அண்ணனிடம் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கதவைத் திறந்தது அவள்.

"காடை" என்றேன். வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

அவள் எனக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தாள்.

"இன்னைக்கு ஒத்தையாத்தான் வந்தீங்களா? சரி, கூட்டத்தோட எப்ப வாரீங்க?"