டாக்டருக்கு நாங்கள் போட்ட மார்க்

பெங்களூரு ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள்களில், ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு அரைமணி நேரம் முன்னாலேயே போய் நிற்பேன். ஃபைலைத் திறந்து ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கிறதா என்று பார்ப்பேன். அத்திப்பள்ளி தாண்டியதும் மறுபடி பார்ப்பேன். "அது எங்க எறங்கிப் போயிடப் போவுது?" என்பாள் என் மனைவி. இப்போது அந்த வழியில் போனால் மடியில் ஃபைல் இல்லாதது என்னவோ போல இருக்கிறது.

நான் மத்தூர்ப் பக்கம். எட்டாவதோடு படிப்பை விட்டு ஓசூரில் கம்பெனி வேலைக்கு வந்தவன். கன்னடம் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமான அளவுதான் வரும். அவள் அஞ்செட்டிக்காரி, கன்னடம் சரளம். டாக்டரோடு அவள் பேசுவாள், நான் பக்கத்தில் ஃபைலோடு உட்கார்ந்திருப்பேன்.

அவள் மார்பில் வந்த புற்றுநோய் எலும்புக்கும் பரவிவிட்டது என்று டாக்டர் முதலில் என்னிடம்தான் சொன்னார், தனக்குத் தெரிந்த தமிழில். அவளிடம் சொல்ல வேண்டாம் என்று வராந்தாவில் அவர் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து கீமோவுக்குக் காத்திருந்தபோது ஒரு பெண் பேனாவும் தாளுமாக வந்தாள். ஆராய்ச்சி மாணவி. நோயாளிகள் தங்கள் டாக்டரை எவ்வளவு நம்புகிறார்கள் என்று அளக்கிறார்களாம். ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை மார்க்; ஒன்று என்றால் இல்லவே இல்லை, ஐந்து என்றால் முழுக்க ஆமாம். பெயர் எழுத மாட்டோம், டாக்டர் பார்க்க மாட்டார் என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கம்பெனிக்கு ஆடிட் வரும்போதும் இப்படித்தான் சொல்வார்கள். குறை சொன்னவன் அடுத்த வாரம் வேறு ஷிஃப்டில் நிற்பான். மார்க் குறைந்து, டாக்டர் மனம் கோணி, வைத்தியத்தில் அக்கறை குறைந்துவிட்டால்? மனைவி வாய் திறக்கும் முன்னே எல்லாக் கேள்விக்கும் நானே "அஞ்சு" என்றேன்.

ஏழாவதோ எட்டாவதோ கேள்வியில் அந்தப் பெண் பேனாவை நிறுத்தினாள்.

"அண்ணா, டாக்டர் உங்ககிட்ட எதையாவது மறைக்கிறார்னு தோணுதான்னு கேட்டேன். அதுக்கும் அஞ்சா?"

மறைக்கச் சொன்னவனே நான்தானே.

மனைவிதான் பதில் சொன்னாள். "அதுக்கு ஒண்ணு போடும்மா. எலும்புக்குப் போயிட்டத அவரு போன தடவையே சொல்லிட்டாரு. இவரும் பக்கத்துலதான் குந்தியிருந்தாரு."

போன தடவை இருவரும் கன்னடத்தில் வெகுநேரம் பேசியது ஞாபகம் வந்தது. நடுவில் அவள் சிரிக்கக்கூடச் செய்தாள். ராகிக் களி சாப்பிடலாமா என்று கேட்கிறாள் என நினைத்திருந்தேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"நீங்க ஏன் சொல்லல? தெரியாத மாதிரி நடிச்சிக்கிட்டு வேளாவேளைக்கு ஜூஸ் போட்டுத் தந்தீங்க. அதைக் கெடுக்க மனசு வரல." பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "வூட்டுக்காரருக்கு மார்க் போடற தாள் இருக்குதாம்மா?" என்றாள். அந்தப் பெண் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தாளைப் புரட்டினாள்.

அதன்பின் ஒன்றேகால் வருஷம் இருந்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, டாக்டர் கன்னடத்தில் சொன்னதையெல்லாம் எனக்குத் தமிழில் சொல்வாள். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் பதறுகிற ஆள் நான். அவள் அதில் எதையாவது விட்டுவிட்டாளா என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை.