கீழ்வீட்டுக் கலியாணத்தில் நான் போட்ட கணக்கு

கீழ்வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை கேட்டுப் போகப் போகிறார்கள் என்று தெரிந்த அன்று, அவளைப் பெற்றவர்களைவிட நான்தான் அதிகம் சந்தோஷப்பட்டேன். மாடியில் தனியாக நின்று கைதட்டினேன். கீழே வாசல் கூட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கார அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன சேர், காகம் விரட்டுறீங்களா?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

நான் திருநெல்வேலிக்காரன். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். என் மனைவி குடிநீர்த் திட்டங்களில் வேலை செய்கிற என்ஜினீயர். அவளுடைய கம்பெனி அவளை மட்டக்களப்புக்கு அனுப்பியபோது, சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு நானும் பெட்டியோடு கூடவே வந்துவிட்டேன். புளியந்தீவில் ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்காரர்கள், மேலே நாங்கள். அவள் ஆபீஸ் நடந்து போகிற தூரம்.

இப்போது லீவு முடியப் போகிறது. இனிமேல் நீட்டிக்க முடியாது, கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது வந்து நிற்காவிட்டால் வேலை போய்விடும் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். அதே சமயத்தில்தான் அவளுடைய கம்பெனி, இன்னும் இரண்டு வருஷம் இங்கேயே இருக்க முடியுமா என்று அவளைக் கேட்டது. கேட்டதிலிருந்து அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். நான் காலண்டரில் நாள் எண்ண ஆரம்பித்தேன்.

நீ மட்டும் ஊருக்குப் போகவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். போகலாம். ஆனால் கரண்ட் போனால்கூட, போனது கரண்டா என் கண்ணா என்று பதறுகிற ஆள் நான். அவள் கிணற்றுத் தண்ணீர் சோதிக்க மாங்கேணிப் பக்கம் போகிற நாட்களில், போன் எடுக்கவில்லை என்றால் போதும். முதலில் ஜீப் கவிழும். பிறகு யானை வரும். யானையிடம் தப்பியவளை வாவியில் முதலை பிடிக்கும். அவளுடைய அண்ணனிடம் செய்தியை எப்படிச் சொல்வது என்று வாசகம் தயாரித்து, அதில் ஒரு சொல் சரியில்லை என்று திருத்திக்கொண்டிருக்கும்போது அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவாள். "சோறு ஆச்சா?" என்பாள். பக்கத்தில் இருக்கும்போதே இவ்வளவு. நடுவில் கடல் இருந்தால் நான் ஒரு வாரம் தாங்கமாட்டேன்.

இங்கே தங்கினால்? வேலை போகும். அந்த வேலை போனால் நான் யார் என்பதற்கு என் பாஸ்போர்ட்டில் ஒரு பதில் இருக்கிறது. மனைவியைச் சார்ந்து வந்தவர், எந்த வேலையும் செய்யக்கூடாது. என்னைப் பற்றி அவள் வருஷக்கணக்காகக் குறையாகச் சொல்லிவந்ததை இந்த நாட்டு அரசாங்கம் நிபந்தனையாகவே போட்டுவிட்டது. வேலை செய்யக்கூடாதவன் சந்தைக்குப் போகிறேன், மீன் கழுவுகிறேன், துணி காயப்போடுகிறேன், மழை வந்தால் எடுக்கிறேன், விட்டால் மறுபடி போடுகிறேன். மத்தியானத்தில் தினமும் ஒரு நேரம் வரும், செய்ய ஒன்றுமே இருக்காது. அப்போது சுவரைப் பார்த்து இருபடிச் சமன்பாடு நடத்துவேன். சுவர் எங்கள் ஒன்பதாம் வகுப்பைவிடக் கவனமாகக் கேட்கும்.

அக்கா காலையில் இடியப்பமும் சொதியும் கொடுத்தனுப்புவார். எங்கள் ஊரில் சொதி என்பது கலியாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற விருந்து. இங்கே அது அன்றாடம். ஆக நான் தினமும் மாப்பிள்ளை.

இதை ஒருநாள் வீட்டுக்காரரிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அவர் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், மாங்கேணியில் பிறந்தவர். வாசலில் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"இதில வெக்கப்பட என்ன இரிக்கு சேர்? நானும் மனிசியோட வந்தவன்தான். கலியாணம் முடிச்ச கையோட ஒரு பெட்டியும் இந்தச் சைக்கிளும். எங்கட பக்கம் வீடு பொம்புளப் பிள்ளைக்குத்தான். இது மனிசிக்கு அவட தாய் குடுத்த வீடு. நாளைக்கு மகளுக்குக் கலியாணம் எண்டால் வீடு மகளுக்கு. மாப்பிள்ளை இஞ்ச வந்து இருப்பான்."

இந்த இடத்தில் நான் இன்னொரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேள்வியை முழுசாப் படிடா, பாதியைப் படிச்சிட்டு விடையெழுதாதே என்று ஊரெல்லாம் கேட்கக் கத்தியவன், பாதியைக் கேட்டுவிட்டு மாடிப்படி ஏறிவிட்டேன். மேலே போய்க் கணக்குப் போட்டேன். மகளுக்குக் கலியாணம் ஆகும். வீடு அவளுக்குப் போகும். புது மாப்பிள்ளை வருவான். கீழே பெரியவர்கள், மேலே சின்னஞ்சிறுசுகள். அப்படியானால் எங்களைக் காலி செய்யச் சொல்வார்கள். என் மனைவியோ, முன்பு வீடு தேடி அலைந்த வெறுப்பில், "இந்த வீடு இல்லேன்னா எனக்கு இந்த ஊரே வேண்டாம்" என்று ஒருநாள் சொல்லியிருக்கிறாள். அவள் அதைச் சொல்லி மறந்துவிட்டாள். நான் அதைத் தேற்றமாக எடுத்துக்கொண்டேன். ஆகவே கலியாணம் நடந்தால் நாங்கள் இருவரும் ஊருக்குப் போகிறோம். நிரூபிக்கப்பட்டது.

அதன்பிறகு அந்தக் கலியாணத்துக்கு என்னைப்போல் உழைத்தவர் கிடையாது. மாப்பிள்ளை வங்கியில் வேலை செய்கிற பையன். சம்மதம் சொன்ன பிறகு அவர்கள் வீட்டில், ஆவணியில் வைப்போமே என்று இழுத்தார்கள். ஆவணி என்றால் பள்ளி திறந்துவிடும். கீழே இறங்கிப் போய் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, நல்ல காரியத்தைத் தள்ளிப் போடாதீங்க. வைகாசியிலேயே முடிச்சிருங்க."

"ஏன் சேர் இப்பிடி வேர்க்குது உங்களுக்கு?"

"உங்க மகள் எனக்கும் மகள் மாதிரிதானே அண்ணே!"

அவர் கண் கலங்கிவிட்டது. "கூடப் பிறந்தவனும் இப்பிடி நிக்கமாட்டான் கா" என்று உள்ளே பார்த்து மனைவியிடம் சொன்னார். போய்ப் பேசி வைகாசிக்கு மாற்றிக்கொண்டு வந்தார். நான் ஓடியோடி நாற்காலி பிடித்தேன், வாழைத்தார் தூக்கினேன், பந்தலுக்குக் கயிறு கட்டினேன். பின்பக்கம் ஒரு மேசன் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார். கலியாணச் சமையலுக்குக் கொட்டகை என்று நினைத்து அவருக்கும் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் மனைவி மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "நம்ம கல்யாணத்துக்கு நீங்க ஒரு நாற்காலிகூடத் தூக்கலையே?" என்றாள்.

கலியாணம் நன்றாக நடந்தது. மாப்பிள்ளை ஒரு பெரிய பெட்டியோடு வந்து சேர்ந்தான். பாவம் என்று தோன்றியது. அவனைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டேன், அவனும் மரியாதைக்குச் சிரித்தான்.

அடுத்த நாளே பிரஷர் குக்கரைப் பழைய துணியில் சுற்றி ஓர் அட்டைப் பெட்டியில் வைத்தேன். வீட்டை விடச் சொல்ல அவர்கள் சங்கடப்படுவார்கள் அல்லவா? எனவே படியில் ஏறி இறங்கும்போதெல்லாம் கொஞ்சம் நின்று சந்தர்ப்பம் கொடுத்தேன். அக்கா, "பலகாரம் இரிக்கு, கொண்டுபோங்க" என்பார். வாங்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் நிற்பேன். "மறுகா என்ன சேர்?" என்பார், பிறகு என்ன என்பது இங்கே அப்படி. ஒன்றுமில்லை என்று ஏறிவிடுவேன். ஒரு வாரம் பலகாரம் தின்றதுதான் மிச்சம்.

ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்காரர் கீழிருந்து கூப்பிட்டார். "சேர், ஒரு கை பிடிக்க ஏலுமா?"

இறங்கிப் போனேன். முன்னறையிலிருந்து மர அலுமாரியை வெளியே நகர்த்தி வைத்திருந்தார். ஒரு பக்கம் நான் தூக்கினேன், மறுபக்கம் அவர். நான் மாடிப்படியை நோக்கித் திரும்பினேன். அவர் பின்பக்கமாக இழுத்தார். அலுமாரி நடுவில் நின்றது.

"எங்கண்ணே?"

"பின்னுக்கு. புது அறைக்கு."

"அது சமையலுக்குக் கட்டினது இல்லையா?"

"சமையலுக்கு ஆரும் ஜன்னல் வைச்சுப் பூட்டுப் போட்டுக் கட்டுவாங்களா சேர்? அது எங்களுக்கு. மகளுக்கு வீட்டைக் குடுத்தா தாய் தகப்பன் நாங்கதானே விலகோணும். மனிசிட தாய் தகப்பனும் அப்பிடித்தான் பின்னுக்குப் போய் இருந்தவை. மாமி இருந்த அறை இடிஞ்சு போச்சு, அதான் புதிசாக் கட்டினது."

"அப்போ மாடி?"

கையில் தலையணைகளோடு வந்துகொண்டிருந்த அக்கா நின்றுவிட்டார். "மாடிக்கு என்ன? நீங்க இரிக்கிறீங்கதானே. உங்கள ஆர் போகச் சொன்னது? மகள் கேட்டதே அதுதான், மேல நல்ல சனம் இரிக்கோணும் எண்டு. மாப்பிள்ளை கேக்கிறதுக்கு முன்னமே மிஸ்ஸிட்டச் சொல்லிட்டமே."

மிஸ் என்று அவர் சொல்வது என் மனைவியை.

அலுமாரியைப் பின்னறையில் வைத்தோம். அந்த அறையின் சுவரில் சுண்ணாம்பு இன்னும் ஈரமாக இருந்தது. வீட்டுக்காரர் கட்டிலைப் போட்டு, அதில் உட்கார்ந்து பார்த்து, நல்லாத்தான் இரிக்கு என்றார். அக்கா தலையணைகளை வைத்துவிட்டு முன்வீட்டுக்குப் போனார். கதவில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார், அங்கே மகள் இருந்தாள்.

என் மனைவி வந்ததும் கேட்டேன். "வீடு இருக்குன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். அதனாலதானே இருக்கேன்னு ஆபீஸ்ல சொன்னேன்."

"எப்போ சொன்னே?"

"கல்யாணத்துக்கு ரொம்ப முன்னாடியே. உங்ககிட்டயும் சொன்னேனே! நீங்கதான், சந்தோஷம், இங்கே முதலைக்கும் கணக்கு வாத்தியார் தேவைப்படுமான்னு கேட்டீங்க."

கேட்டிருக்கிறேன். ஞாபகம் வந்தது. அவள் உண்மையாகவே சொல்கிறாள் என்று அப்போது நான் நம்பவில்லை. எதையாவது சொல்லிச் சமாளித்தால் நடக்காமல் போய்விடும் என்று ஒரு எண்ணம். அவள் அட்டைப் பெட்டியைத் திறந்தாள், குக்கரை வெளியே எடுத்தாள். அது ஏன் துணிக்குள் இருக்கிறது என்று கேட்கவில்லை.

"ஊருக்குப் போகணும்னு இருக்கா உங்களுக்கு?"

"இருக்கு."

"வேடிக்கையா சொல்றீங்களா?"

"இல்லை."

"இதை முன்னாடியே இப்படிச் சொல்லியிருக்கலாம். இப்போ சரின்னு சொல்லிட்டு வேலையையும் ஆரம்பிச்சாச்சு. வாகரைப் பக்கம் புதுசா ஒன்பது கிணறு." குக்கரை அடுப்பு மேடையில் வைத்தாள். "நீங்க போகணும்னா போங்க. நான் கோவிச்சுக்கமாட்டேன். நிஜமாத்தான் சொல்றேன்."

அவள் கோபித்துக்கொள்வாள் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே பிடி. போகாதீங்க என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவளுக்காக வேலையை விட்டேன் என்றாவது மிச்ச ஆயுளுக்கு அலட்டிக்கொண்டிருக்கலாம். அதுவும் போயிற்று. இப்போது என் பயத்துக்காக மட்டும்தான் விடவேண்டும்.

மறுநாள் காலை தலைமையாசிரியருக்குப் போன் செய்தேன். அவர் கெஞ்சினால் என்ன சொல்வது, திட்டினால் என்ன சொல்வது, பத்தாம் வகுப்பு என்ன ஆகும் என்று கேட்டால் என்ன சொல்வது என்று மூன்று விதமாகத் தயாரித்து வைத்திருந்தேன்.

"சார், நான் வரலை" என்றேன்.

"அப்படியா, சரி சார்" என்றார். "புது ஆள் ஒருத்தர் ஏற்கெனவே வந்து பத்தாம் வகுப்புக்கு லீவு கிளாஸ் எடுத்திட்டிருக்கார். பிள்ளைகளுக்குப் பிடிச்சிருக்கு. உடம்பைப் பார்த்துக்குங்க."

போனை வைத்துவிட்டார். கீழே புது மாப்பிள்ளை வங்கிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். நான் அரிசியைக் களைந்து உலையில் போட்டேன். அவள் அன்றைக்கு மாங்கேணிக்குப் போயிருந்தாள்.