ஒரு வாரத்து மரியாதை

ஒரு வாரம் முழுக்க எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாக வாயைத் திறக்கவில்லை. காரணம் நான்தான். அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். நான் படித்த கடைசி வகுப்பும் அதுதான். தமிழில் வகுப்பிலேயே முதல் ஆள்.

அந்த வருடம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வெளியூர் வாத்தியார் ஒருவர் வந்திருந்தார். எங்கள் ஆம்பூரில் பேசுவது தமிழே இல்லை, வெறும் கொச்சை என்பது அவருடைய தீர்மானம். யாராவது 'இன்னா' என்று சொல்லிவிட்டால் எழுந்து நின்று 'என்ன' என்று பத்து முறை சொல்ல வேண்டும். வகுப்பே அவரைக் கண்டு நடுங்கியது. எனக்கு மட்டும் அது பிடித்திருந்தது. நான் கூச்சக்காரன். நாலு பேருக்கு நடுவில் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது. சரியாகப் பேசினால் போதும் என்று ஒருவர் வந்து சொன்னதும் பெரிய கவலை தீர்ந்தது போலிருந்தது. கொச்சை பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுதும் வேலையை வாத்தியார் என்னிடம் கொடுத்தார். ஒரு நாள் பாதிப் பலகை நிறைந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு ஈரோட்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருந்தாள். மாப்பிள்ளைக்கு ஈரோட்டில் ஒரு தோல் மண்டியில் வேலை. அங்கிருந்து இங்கே தோல் ஏற்றி வரும் லாரிக்காரர் ஒருவர் சொல்லி வந்த இடம் அது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொன்னவர், போகிறபோது வாசலில் நின்று அம்மாவிடம் ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போனார்.

"பேச்சு மட்டும் கொஞ்சம் பாத்துக்கோ. அவங்க பக்கம் கைக்கொழந்தையக்கூட வாங்க போங்கன்னுதான் கூப்புடுவாங்க. நம்ம மாதிரி இன்னா, வா, போன்னு பேசினா, பொண்ணு திமிரு புட்ச்சதுன்னு எய்ந்து போய்டுவாங்க."

அம்மாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டாள். "டேய், உங்க வாத்தியார் சொல்லிக் குடுக்குறத எங்களுக்கும் சொல்லிக் குடு."

திங்கட்கிழமை சாயங்காலமே பாடம் தொடங்கிவிட்டது. கையில் ஸ்கேலை வைத்துக்கொண்டு நான் நின்றேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே பாடம் கேட்டாள். அக்கா கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் முகம் கழுவவிடாமல் உட்கார வைத்தேன். விருந்தாளிகள் வந்தால் என்ன சொல்ல வேண்டும், பலகாரம் கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும், பெயர் கேட்டால், சமைக்கத் தெரியுமா என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

"அடப் போடா வாத்தி," என்று அக்கா சலித்துக்கொண்டாள். "நாளெல்லாம் மிஷின்ல குந்திட்டு வர்றேன். நீ வேற பேஜார் பண்ற."

"குந்திட்டு இல்லை. உட்கார்ந்துவிட்டு."

"சரிங்க வாத்தியாரே, உட்கார்ந்துவிட்டு வருகிறேனுங்க," என்று அவள் கைகட்டிச் சொன்னதில் அம்மா முறத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தாள்.

அம்மாவுக்குத்தான் பாடம் ஏறவே இல்லை. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் வாங்க என்று கூப்பிடுவதில்லை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அம்மா நைனாவை 'வா' என்பாள். நாங்கள் எல்லோரும் அவரை 'நீ' என்போம். அதில் மரியாதைக் குறைவு இருப்பதாக யாரும் நினைத்ததில்லை. அம்மா நைனாவைப் பார்த்து 'வாங்க, சாப்புடுங்க' என்று சொன்னால் அன்றைக்குப் பெரிய சண்டை என்று அர்த்தம். நானும் அக்காவும் சத்தம் போடாமல் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவோம்.

"வாங்கன்னு சொல்ல வாயே வரலடா," என்றாள் அம்மா. "எனக்கு அவங்க மேல இன்னா கோவம்?"

பக்கத்து வீட்டில் உருது பேசும் குடும்பம். அந்த வீட்டு அம்மாளை நாங்களும் அவர்கள் முறைப்படி காலா, அதாவது சித்தி, என்றுதான் அழைப்போம். ஞாயிற்றுக்கிழமைக்கு நாற்காலி தருவதாகச் சொல்ல வந்தவர் என் பாடத்தைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். "அரே, இத்தன வருசமா நான் பேசுற தமிழ்தான் தப்புன்னு நெனச்சேன். உங்களுதும் தப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இந்தப் பாடமெல்லாம் நைனாவுக்குத் தெரியாது. அவர் தோல் பதனிடும் ஷாப்பில், தோலை மருந்தில் ஊறவைத்துச் சுழற்றும் டிரம்மில் வேலை செய்தார். அந்த வாரம் ஏதோ அவசர ஆர்டர். விடியும்போது போனவர் நான் தூங்கிய பிறகுதான் வருவார். அவரிடம் சொல்ல வேண்டாம் என்று அம்மாவும் சொல்லிவிட்டாள். சொன்னால் அவர் சிரிப்பார், சிரித்தால் கற்றுக்கொண்ட கொஞ்சமும் மறந்துவிடும் என்று அவளுக்குப் பயம்.

பாடத்துக்கு நடுவில் அக்கா ஒருநாள் வேறு விஷயம் பேசினாள். அடுத்த மாதம் அவளைப் புது மிஷினில் உட்கார வைக்கப் போகிறார்களாம். லைனில் மொத்தம் இரண்டு பேருக்குத்தான் அது கிடைக்குமாம். அதில் தைப்பது எப்படி என்று முந்தானை நுனியை மடித்து மடித்துக் காட்டினாள். நான் ஸ்கேலால் நோட்டைத் தட்டினேன். "பாடத்தைக் கவனி" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமையும் நைனா வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. டிரம்மில் போட்ட தோலை நேரத்துக்கு இறக்காவிட்டால் மொத்தமும் வீணாகிவிடும். "பத்து மணிக்கெல்லாம் வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பத்தாயிற்று. அவரும் வரவில்லை, விருந்தாளிகளும் வரவில்லை. ரயில் லேட். அம்மா துடைத்த டம்ளர்களையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். கேசரி இறுகிப்போனது. நான் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்து நடந்து வாசலில் போட்டிருந்த கோலத்தைப் பாதி அழித்துவிட்டேன். யாராவது தப்பாகப் பேசினால் நான் இரும வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்காக ஒத்திகை பார்த்துப் பார்த்துத் தொண்டை உண்மையாகவே கட்டிக்கொண்டது.

பதினொரு மணிக்கு லாரிக்காரர் அவர்களை அழைத்து வந்தார். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன். மாப்பிள்ளை தலையை நிமிர்த்தவே இல்லை. அவருடைய அம்மா நல்ல மாதிரி. உள்ளே வரும்போதே, "தண்ணி கொஞ்சம் குடுங்க கண்ணு, வெயிலு தாங்கலீங்க" என்று என்னிடம்கூட மரியாதையாகக் கேட்டார்.

அம்மா, "வாங்க, உக்காருங்க, ரயில் இன்னா இவ்ளோ…" என்று தொடங்கினாள். நான் இருமினேன். "என்ன இவ்வளவு லேட்டுங்க?" என்று திருத்திக்கொண்டாள். இப்படியே ஏழெட்டு முறை நடந்தது.

"தம்பிக்குச் சளிங்களா?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா. "சுக்கு தட்டிப் போட்டுக் குடுங்க, கேக்குமுங்க."

அக்கா கேசரித் தட்டோடு வந்தாள். நான் எழுதிக் கொடுத்த ஒவ்வொரு வரியையும் பிசகாமல் சொன்னாள். "எடுத்துக்கொள்ளுங்க. சமைக்கத் தெரியுமுங்க. எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேனுங்க." எனக்கு ஒருமுறைகூட இரும வேண்டியிருக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

தாய்மாமன் தொண்டையைச் செருமிக்கொண்டு அம்மாவிடம் பேசினார். "எங்களுக்குப் புடிச்சுப் போச்சுங்க. ஒண்ணே ஒண்ணுதானுங்க. கல்யாணத்துக்கு அப்புறம் இந்தக் கம்பெனி வேலையெல்லாம் வேண்டாமுங்க. எங்க ஊட்டுல பொம்பளைங்க வேலைக்குப் போற பழக்கமில்லீங்க."

"சரிங்க," என்றாள் அம்மா உடனே. எத்தனை அழகாகச் சொன்னாள் என்று நான் பூரித்துப் போனேன். அக்கா மடியில் கிடந்த முந்தானையை மடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது நைனா வந்து வாசலில் நின்றார். லுங்கி முட்டிவரை ஈரம். தோல் ஷாப்பின் வாடை அவரோடு உள்ளே வந்தது. அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து நான் இருமத் தயாராக நின்றேன்.

அக்கா எழுந்து நின்றாள். நைனாவை நேராகப் பார்த்தாள்.

"வாங்கப்பா," என்றாள். "உக்காருங்க. தண்ணி கொண்டுவரட்டுங்களா?"

நைனா ஒரு காலை உள்ளே வைத்தபடி அப்படியே நின்றுவிட்டார். பிறந்ததிலிருந்து அவள் அவரை அப்பா என்று கூப்பிட்டதில்லை.

"இன்னாமா?" என்றார் மெதுவாக.

"ஒண்ணுமில்லீங்க," என்றாள் அக்கா.

நைனா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, நாற்காலியில் உட்காராமல், விருந்தாளிகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"தப்பா எட்த்துக்காதீங்க," என்றார் தாய்மாமனிடம். "அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துகீறீங்க. நல்ல ஜனம். ஆனா இது வாணாம். பொண்ணுக்கு இஷ்டமில்ல."

நான் இருமினேன். விடாமல் இருமினேன். அவர் திரும்பவே இல்லை.

தாய்மாமன் ஒன்றும் புரியாமல் லாரிக்காரரைப் பார்த்தார். "என்னங்க இது? நாங்க வந்ததுலயிருந்து இங்கயேதான் இருக்கறோம். பொண்ணு ஒண்ணுமே சொல்லலீங்களே!"

"சொல்லிச்சு," என்றார் நைனா.

"இத்தன மரியாதையாப் பேசுன புள்ளைங்க," என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்தபடியே சொன்னார். அவருக்குக் கோபம் வந்த மாதிரித் தெரியவில்லை. வருத்தமாகத்தான் இருந்தார். கேசரியில் ஒரு வாய்கூடக் குறையவில்லை. லாரிக்காரர் மட்டும் போகும்போது நைனாவிடம், "உன்ன நம்பி இட்டாந்தேன் பாரு" என்று திட்டிவிட்டுப் போனார்.

அவர்கள் தெருமுனை தாண்டியதும் அம்மா நைனாவை ஒரு பிடி பிடித்தாள். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். "எல்லாம் உன்னாலதான்டா. உன் வாங்கபோங்கதான் கெட்த்துச்சு. அவ கோவமா கீறான்னு நெனச்சிட்டாரு உங்க நைனா." அக்கா அடுப்படியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

அன்று முழுக்க என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அக்காவின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேன். அதைவிடப் பெரிய வேதனை, அதற்குக் காரணம் நைனாவின் அறியாமை என்பது. ஒரு வார்த்தை விளக்கிச் சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். லாரிக்காரர் இன்னும் ஊரில்தான் இருந்தார். செவ்வாய்க்கிழமைதான் ஈரோட்டுக்குக் கிளம்புவார். அதற்குள் சொல்லிவிட்டால் ஒருவேளை அவர்களைத் திரும்ப அழைத்து வரலாம்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் திரும்பி, தோல் ஷாப் கேட்டுக்கு ஓடினேன். காவல்காரர் நைனாவைக் கூப்பிட்டு அனுப்பினார். கையெல்லாம் தோல் மருந்தின் நீலத்தோடு வந்து நின்றார்.

"நைனா, அது கோவம் இல்ல," என்றேன் மூச்சு வாங்க. "நான்தான் அக்காவுக்குச் சொல்லிக் குடுத்தேன். வாங்க, போங்க எல்லாம். அது மரியாதை. நீதான் தப்பாப் புரிஞ்சிக்கின."

அந்த அவசரத்தில் நானே கொச்சையாகப் பேசிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

"யார் யாரையெல்லாம் வாங்கன்னு கூப்புடச் சொல்லிக் குட்த்த?" என்று கேட்டார்.

"வர்றவங்கள. அந்தம்மாவ, மாமாவ, மாப்ளைய."

"என்னை?"

யோசித்துப் பார்த்தேன். நோட்டின் ஒவ்வொரு பக்கமும் எனக்கு மனப்பாடம். நைனா எப்போது வருவார் என்பதே தெரியாததால் அவரைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை.

"உன்னப் பத்தி ஒண்ணும் சொல்லல. அது அக்காவே சேத்துக்கிச்சு. அதான் தப்பு."

நைனா சிரித்தார். என் தலையைத் தடவ வந்த கையை, நீலம் ஒட்டிவிடும் என்று பின்னால் இழுத்துக்கொண்டார். "சரி, ஸ்கூலுக்கு நேரமாச்சு, போ," என்றார்.

"அவங்களத் திரும்பக் கூப்புட மாட்டியா?"

"போடா, போ."

சாயங்காலம் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் அக்காவுக்காகக் காத்திருந்தேன். தோழிகளோடு சத்தமாகப் பேசிச் சிரித்தபடி இறங்கினாள். 'இன்னாடி', 'வாடி', 'போய்ட்டாடி' என்று ஒரு பலகையே நிறையும் அளவுக்குக் கொச்சை. அவளைத் தனியாக இழுத்து, நைனாவிடம் உண்மையைச் சொல்லச் சொல்லிக் கெஞ்சினேன்.

"இன்னா உண்மை?"

"நீ கோவமா இல்லன்னு. பாடத்த மாத்திச் சொல்லிட்டன்னு."

"நைனாக்குத் தெரியும்டா," என்றாள். என் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, புது மிஷினில் இன்று அரைமணி நேரம் உட்கார வைத்தார்கள் என்று சொல்லிக்கொண்டே நடந்தாள்.

நான் பின்னாலேயே போனேன். எனக்கு அழுகையாக வந்தது. ஒருத்தி சொல்லிக் கொடுக்காததைச் சொல்கிறாள். ஒருவர் சொன்னதை வேறு விதமாகப் புரிந்துகொள்கிறார். இதில் இரண்டு பேருக்கும் கொஞ்சம்கூட வருத்தமில்லை. எத்தனை வாரம் பாடம் எடுத்தாலும் இவர்கள் இரண்டு பேருக்கும் தமிழ் வரவே வராது என்று அன்றைக்கு நான் முடிவு செய்தேன்.