கொதிக்க வைத்த தண்ணீர்

புத்தூரில் உதயகலாவைப் பற்றிக் கேட்டால் முன்பெல்லாம் ஒரே பேச்சுத்தான் வரும். அந்தப் பிள்ளையின் கையில் ஒன்றும் வீண்போகாது என்பார்கள். கலியாணம் கட்டி வந்த புதிதில் அதைக் கேலியாகச் சொன்னவர்களும் உண்டு. மூத்தவள் தனுசியா பிறக்க முன்னரே, கணவன் கஜீபனின் பழைய சாரங்களை எல்லாம் அவித்து, வெயிலில் காயவிட்டு, பிள்ளைக்குக் கட்டுகிற துணியாக நாலாக மடித்துத் தைத்து அடுக்கி வைத்துக்கொண்டாள். பார்க்க வந்த சொந்தக்காரர் கொண்டுவந்த பம்பேர்ஸ் பொதிகளை வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கி வைத்து, பிறகு கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டாள். அதைக் கட்டினால் என்ன என்று மைத்துனி கேட்டதற்கு, கட்டலாம், கழற்றினால் எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று திருப்பிக் கேட்டாள்.

அரிசி கழுவின தண்ணீர் மாட்டுக்கு. பாத்திரம் கழுவின தண்ணீர் வாழைக்கு. மரக்கறித் தோல் எல்லாம் பின்பக்கம் வெட்டின கிடங்குக்குள் போய், மூன்று மாதத்தில் கத்தரிக்குப் பசளையாக வரும். சந்தைக்குப் போனால் பனையோலைப் பெட்டி; ஒரு பிளாஸ்டிக் சொப்பின் பாக் வீட்டுக்குள் வராது. தன்னுடைய பழைய சட்டையில் மகளுக்கு இரண்டு சட்டை வெட்டுவாள். மிஞ்சின துண்டில் ஒரு யானை செய்து, உள்ளே இலவம் பஞ்சு அடைத்துக் கொடுப்பாள். தனுசியா அந்த யானையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நித்திரையாவாள். கஜீபன் வெங்காயத் தோட்டக்காரன். அதிகம் பேசாதவன். வீட்டில் இப்படி ஒருத்தி இருப்பது தன் அதிர்ஷ்டம் என்று சிநேகிதரிடம் சொல்லியிருக்கிறான், அவளிடம் சொன்னதில்லை.

பிறகு காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பால்மா இல்லை என்று நாடு முழுக்க வரிசையில் நின்ற வருஷம் வந்தது. கேலி செய்தவர்களே அவளுடைய குசினிக்கு வந்தார்கள். சிரட்டையும் பனை மட்டையும் வைத்து ஒரே அடுப்பில் சோறும் கறியும் இறக்குவது எப்படி, குரக்கன் மாவில் சின்னப் பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சுவது எப்படி என்று பார்த்துப் போனார்கள். ஊருக்குப் பொறுப்பான மருத்துவமாது நாகேஸ்வரி மிஸி, தாய்மாரைக் கூப்பிட்டு வைக்கும் கூட்டம் ஒன்றில் அவளையும் பேசச் சொன்னார். முதலில் வெட்கப்பட்டவள், பேசத் தொடங்கியதும் நிறுத்தவில்லை. முடிவில் எல்லாரும் கை தட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் அவள் சொன்ன ஒன்று, வடிகட்டின தண்ணீரைக் கானில் விற்பவர்களிடம் வாங்கவேண்டாம் என்பது. முற்றத்தில் கிணறு இருக்கத் தண்ணீரையும் விலைக்கு வாங்குவதா, அந்தப் பிளாஸ்டிக் கானையும் சேர்த்தா என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். மிஸி மட்டும், சின்னக் குழந்தைகளுக்கு இந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் கவனம் என்று இடையில் ஏதோ சொன்னார். கிருமியைச் சொல்கிறார் என்று நினைத்த உதயகலா, கட்டாயம் கொதிக்க வைக்கவேண்டும் என்று தானே சேர்த்துச் சொன்னாள்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் தனோஜன் பிறந்தான். நல்ல வெள்ளை. தாயின் மூக்கு. இரண்டு மாதம் தாய்ப்பாலிலேயே கொழுகொழுவென்று வளர்ந்தான். மார்கழி மழையோடு உதயகலாவுக்கு டெங்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தாள். பிள்ளையை மைத்துனி பால்மா கரைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொண்டாள். திரும்பி வந்தபோது மார்பில் பால் இல்லை. முருங்கையிலையும் உள்ளியும் சுறாப்புட்டும் தின்று பார்த்தாள், பிள்ளையை நாள் முழுக்க மார்போடு அணைத்துப் பார்த்தாள். அவன் இரண்டு தரம் சூப்பிவிட்டு வீரிட்டு அழுதான். கடைசியில் அவளும் பால்மாதான் கரைக்கவேண்டி வந்தது. அதை அவள் தன் தோல்வியாகவே எடுத்துக்கொண்டாள். பிளாஸ்டிக் வேண்டாம் என்று கண்ணாடிப் போத்தல் தேடி வாங்கினாள். சோறு இறக்கின அடுப்பில் தணல் கிடக்கும். அதை வீணாக்காமல் தண்ணீர்ப் பானையை அதன்மேல் ஏற்றி, நெடுநேரம் கொதிக்க விட்டாள். அரைப் பானையாக வற்றும் வரைக்கும் இறக்கமாட்டாள். நல்லாய்க் கொதித்தால் பிள்ளைக்கு நல்லது என்று நம்பினாள்.

இரண்டு கிழமையில் தனோஜனின் உதடு மெல்லக் கறுத்தது. மைத்துனி, தகப்பனைப் போல நிறம் மாறுகிறான் என்றாள். குளிப்பாட்டும்போது நகக்கண் நீலமாய் இருப்பதைக் கண்ட உதயகலா, குளிராக்கும் என்று துவாயால் சுற்றிக்கொண்டாள். பிறகு வயிற்றோட்டம் பிடித்தது. உடம்பில் தண்ணீர் வற்றிவிடக்கூடாது என்று பயந்து அடிக்கடி பால் கரைத்துக் கொடுத்தாள். மூன்றாம் நாள் காலமை அவன் அழவே இல்லை. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

ஊசியில் எடுத்த இரத்தம் சிவப்பாய் இல்லை. பால் விடாத கோப்பி நிறத்தில் இருந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டொக்டர் சட்டென்று திரும்பிக் கேட்டார்.

"பால் கரைக்க எந்தத் தண்ணி எடுக்கிறனீங்கள்?"

"எங்கடை கிணத்துத் தண்ணி, டொக்டர். நல்லாய்க் கொதிக்க வைச்சுத்தான் குடுத்தனான்."

"கிணறு தோட்டத்துக்குப் பக்கத்திலையோ?"

"ஓம்."

டொக்டர் கஜீபனை அருகில் கூப்பிட்டு, மண்ணில் போடுகிற உரம் கிணற்றில் இறங்கியிருக்கும் என்றும், பெரியவர்களை அது உடனே ஒன்றும் செய்யாது, இவ்வளவு சின்னப் பிள்ளையின் இரத்தத்தில் மூச்சை ஏறவிடாது என்றும் விளங்கப்படுத்தினார். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உரம் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது இன்னும் கூடும் என்றார். உதயகலா கேட்டுக்கொண்டு நின்றாள். அந்தக் கடைசி வசனத்தைச் சொல்லும்போது டொக்டர் அவளைப் பார்க்கவில்லை.

மருந்து ஏற்றினதும் பிள்ளையின் உதட்டில் ஒரு சிவப்பு வந்தது. அன்று பின்னேரம் தாயின் விரலைப் பிடித்தான். ஆனால் வயிற்றோட்டத்தால் ஏற்கெனவே வாடியிருந்த உடம்பு மறுநாள் மத்தியானத்துக்குப் பிறகு தாங்கவில்லை. மூன்று மாதப் பிள்ளைக்குப் பெரிய சடங்கு ஒன்றும் இல்லை. கஜீபன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய், மண்ணில் வைத்துவிட்டு வந்தான்.

சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றில் தண்ணீர் எடுத்துப் போனார். முடிவு வர ஒரு கிழமை பிடித்தது. உரச்சத்து இருக்கக்கூடிய அளவைவிட இரண்டு மடங்கு. காகிதத்தைப் படித்துவிட்டுக் கஜீபன் தோட்டத்துப் பக்கம் திரும்பி இருந்தான். வெங்காயம் நல்ல பச்சையாய் நின்றது. அரசாங்கம் போட்ட உரத்தடை நீங்கின பிறகு, விளைச்சலில் விட்டதைப் பிடிக்கவேண்டும் என்று இரட்டிப்பாக யூரியா போட்டவன் அவன்.

"நான்தானே போட்டனான்," என்றான்.

"நான்தானே குடுத்தனான்," என்றாள் அவள்.

அதற்குமேல் அதைப் பற்றி அவர்கள் இருவரும் கதைக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, பிறகும் இல்லை.

சாவீட்டுத் துடக்குக் கழிய முன்னர் ஒரு நாள் பின்னேரம், மா இடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று உலக்கையைச் சாத்திவிட்டு எழும்பினாள். தாய்மார் கூட்டத்தில் தனக்கு முன்னால் இருந்த முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அதில் கஜந்தினி என்ற இளம்பெண், அப்போதுதான் கலியாணம் முடித்தவள், உதயகலா சொன்னதையெல்லாம் கொப்பியில் எழுதிக்கொண்டு போனவள். அவளுக்கு இப்போது கைப்பிள்ளை. கடையில் வேலைக்குத் திரும்பிவிட்டாள், ஆகவே பிள்ளைக்குப் பால்மாதான். அவர்களுடைய வீட்டுக் கிணறும் தோட்டத்துக்குள்தான்.

துடக்கு வீட்டுக்காரி, அதுவும் பிள்ளையைப் பறிகொடுத்தவள், கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குப் போகக்கூடாது. அது உதயகலாவுக்குத் தெரியும். தெரிந்துதான் போனாள். படலைக்கு வெளியே றோட்டில் நின்றுகொண்டு கூப்பிட்டாள். கஜந்தினியின் மாமி எட்டிப் பார்த்து முகம் சுழித்து, உள்ளே வரவேண்டாம் என்றாள். வரவில்லை, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன் என்றாள் இவள். கஜந்தினி பிள்ளையை உள்ளே கிடத்திவிட்டு வந்து, படலையைத் திறக்காமல் அந்தப் பக்கம் நின்றாள்.

உதயகலா எல்லாவற்றையும் சொன்னாள். உதடு கறுத்ததைச் சொன்னாள், இரத்தத்தின் நிறத்தைச் சொன்னாள், கொதிக்க வைத்ததைச் சொன்னாள். குரல் உடையாமல் பார்த்துக்கொண்டாள்.

கஜந்தினியின் முகம் வெளுத்துவிட்டது. "நீங்கள்தானே அக்கா கான் தண்ணி வாங்கவேண்டாம் எண்டு சொன்னனீங்கள்?"

"ஓம். நான்தான் சொன்னனான். அது பிழை. கிணத்துத் தண்ணி குடுக்கிறதை இண்டைக்கே நிப்பாட்டு. பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டு."

கஜந்தினி உள்ளே ஓடினாள். பிள்ளையின் உதட்டையும் நகத்தையும் வெளிச்சத்தில் பார்ப்பதற்காகத்தான் ஓடினாள் என்று உதயகலாவுக்குத் தெரிந்தது. படலையடியில் கொஞ்ச நேரம் காத்து நின்றாள். ஒருவரும் திரும்பி வரவில்லை. அந்தக் குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்று மூன்று நாள் கழித்து நாகேஸ்வரி மிஸி வந்து சொன்னபோதுதான், மகன் போனதற்குப் பிறகு முதல் தடவையாக அவள் வாய்விட்டு அழுதாள்.

அந்தக் கிழமை முழுக்க அவள் வீடு வீடாகப் போனாள். எல்லா வீட்டிலும் படலைக்கு வெளியே நின்றுதான் கதைத்தாள். சிலர் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். காசு மிச்சம் பிடிக்கப் போய்ப் பிள்ளையைக் கொடுத்துவிட்டாள் என்ற கதை அவள் திரும்பும் வழியிலேயே அவள் காதில் விழுந்தது. தாய்மார் கூட்டத்துக்குத் திரும்ப வந்து தண்ணீரைப் பற்றிப் பேசும்படி மிஸி கேட்டார். போகிற இடமெல்லாம் சொல்லியாயிற்று, மேடையில் நின்று கை தட்டு வாங்க என்னால் ஏலாது என்று மறுத்துவிட்டாள்.

இப்போது அந்த வீட்டுக்கும் கானில் தண்ணீர் வருகிறது. கூரையிலிருந்து மழைத் தண்ணீர் பிடிக்கக் கஜீபன் ஒரு தொட்டியும் கட்டினான். தனுசியாவுக்கு அந்தத் தண்ணீர்தான். உதயகலா மட்டும் கிணற்றில் அள்ளித்தான் குடிக்கிறாள். கஜீபன் இரண்டு மூன்று தரம் கண்டுவிட்டான். ஒரு முறை செம்பைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். அவள் எதிர்க்கவில்லை. அடுத்த நாளும் அப்படியேதான் குடித்தாள்.

அவன் யூரியாவை நிறுத்திவிட்டான். எருவும் இலைகுழையும் போட்டு வைத்த வெங்காயம் சின்னச் சின்னதாய்ப் பாதிதான் விளைந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் முத்துக்குமாரு அண்ணையின் தோட்டம். அவர் நல்ல மனிதர். பிள்ளை செத்த அன்று முதலில் ஓடி வந்தவரும் அவர்தான். கஜீபன் போய்ச் சொன்னபோது தலையாட்டிக் கேட்டார். மூன்று பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாதி விளைச்சலில் எப்படித் தம்பி என்றார். அடுத்த போகத்திலும் அவருடைய தோட்டத்தில் உரப்பை வந்து இறங்கியது.

ஒரு வருஷம் கழித்துக் கிணற்றுத் தண்ணீரைத் திரும்பவும் பரிசோதிக்கக் கொடுத்தார்கள். பரிசோதகர் காகிதம் கொண்டுவந்த அன்று கஜீபன் தோட்டத்தில் நின்றான். உதயகலா பிரித்துப் பார்த்தாள். அளவு குறையவில்லை. மண்ணுக்குள் இருப்பது போக இன்னும் எத்தனையோ வருஷம் பிடிக்கும் என்று பரிசோதகர் சொன்னார். அவள் ஓம் என்று கேட்டு, அவருக்குத் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தாள். கானில் வந்த தண்ணீரில்தான் வைத்தாள். அவர் போன பிறகு காகிதத்தை மடித்து அலுமாரியில் முதல் வந்த காகிதத்தோடு சேர்த்து வைத்துவிட்டு, தனுசியாவை முன்பள்ளியிலிருந்து கூட்டிவரப் புறப்பட்டாள்.