பேர் வெட்டும் பூபாலன்

செங்கல்பட்டுப் பழைய கடைத்தெருவில் பூபாலனின் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம். அவர் எழுத்து இல்லாத வீடு இருக்காது. கல்யாணச் சீர் அண்டா, கிரகப்பிரவேசத்துக்கு வந்த குத்துவிளக்கு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் டிபன் பாக்ஸ் என்று எதைத் திருப்பிப் பார்த்தாலும் ஓரத்தில் புள்ளிப் புள்ளியாக ஒரு பேர் இருக்கும். அதை வெட்டியது பெரும்பாலும் அவர்தான். சடையப்பன் பாத்திரக் கடை வாசலில், இடது பக்கம், ஒரு ஆள் காலை மடக்கி உட்காரும் அளவுக்கு ஒரு மேடை உண்டு. முப்பத்தெட்டு வருசம் அதில் உட்கார்ந்திருக்கிறார்.

இதைப் பெரிய கலை என்று யாரும் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டாம். ஊசி அதிரும் ஒரு சின்ன மெஷின், கொஞ்சம் பொறுமை, அவ்வளவுதான். கை நடுங்காத எவரும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். பூபாலனே அப்படித்தான் சொல்வார். ஆனால் அவர் அந்த மேடைக்கு வந்த வழி வேறு.

திருப்போரூருக்கு உள்ளே தள்ளி ஒரு ஊரில் பிறந்தவர். அப்பனும் ஆத்தாளும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர்கள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இவருக்கு வலது கால் சூம்பிவிட்டது. சேற்றில் இறங்க முடியாத பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், பதினெட்டு வயதில் சடையப்பனிடம் கொண்டுவந்து விட்டார்கள். மூட்டை தூக்க முடியாது, பரண் ஏற முடியாது. "சும்மா உக்காந்துகினு கீறதுக்கு பேர் வெட்டு" என்றார் சடையப்பன். பேர் வெட்டும்படியான ஒரு பாத்திரம்கூட வீட்டில் இல்லாதவர், அன்றிலிருந்து ஊரார் பேரையெல்லாம் வெட்டினார்.

முதல் மாசமே ஒரு பித்தளைச் சொம்பு வாங்கி, ஆத்தா சந்திரம்மாவின் பேரை வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார். களத்துமேட்டில் கொட்டாங்கச்சியில் கஞ்சி வாங்கிக் குடித்த பெண் அது. படிக்கத் தெரியாது. எழுத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "இத யாரும் எடுத்துகினு போவ முடியாதில்ல?" என்று கேட்டாளாம். முடியாது என்றார் பூபாலன். அதை அவர் மனசார நம்பினார்.

கடையில் இரண்டு சட்டங்கள் இருந்தன. பேர் இல்லாமல் எந்தப் பாத்திரமும் படி இறங்கக் கூடாது. வெட்டிய பேரை அழித்துத் தரக் கூடாது. இரண்டாவதைச் சடையப்பன் வியாபாரக் கணக்கில் சொன்னார். பேரை அழிக்கச் சொல்லி யார் வருவான்? திருடியவன் வருவான், பொண்டாட்டி சீரை விற்றுக் குடிக்கிறவன் வருவான், மருமகளைத் துரத்திவிட்டு அவள் கொண்டுவந்ததை அமுக்கிக்கொள்கிறவன் வருவான். போலீஸ் வந்தால் யார் பதில் சொல்வது என்பது முதலாளியின் பயம். பூபாலனுக்கோ அது சாமி காரியம் போல ஆகிவிட்டது. ஒரு தடவை எவனோ குடத்தை நீட்டி அழி என்று அதட்ட, இவர் அதை நடுத்தெருவில் விட்டெறிந்தார். நசுங்கிய குடத்துக்கு முதலாளிதான் சமாதானம் சொன்னார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கடையைப் போன வருசம் மூடினார்கள். சடையப்பனின் பிள்ளைகள் மாசச் சம்பளத்துக்குப் போய்விட்டார்கள், அவருக்கும் முட்டி ஒத்துழைக்கவில்லை. கட்டடத்தை வாடகைக்கு எடுத்தவர் ஹேமந்த். நெம்மேலிப் பக்கம் கடலைப் பார்த்தபடி ஓவியக்கூடம் நடத்திக்கொண்டிருந்தவர். உப்புக் காற்றில் படம் மாட்டிய இரும்புச் சட்டமெல்லாம் துருப்பிடித்து, படங்களில் பூஞ்சை பூத்து, மனுசன் நொந்துபோய் ஊருக்குள் இடம் தேடினார். உயரமான கூரையும் தேக்கு உத்தரமுமாக இந்தக் கடையைப் பார்த்ததும் சொக்கிப்போனார்.

உள்ளே எல்லாம் வெள்ளை அடித்தார்கள். பாத்திரம் அடுக்கிய இரும்பு ராக்குகளைப் பெயர்த்துக் காயலான் கடைக்குப் போட்டார்கள். வெளியே மட்டும் எதையும் தொடவில்லை. "அந்தப் பழைய போர்டு அப்படியே இருக்கட்டும், ரொம்ப அழகு" என்றார் ஹேமந்த். போர்டைப் பார்த்து உள்ளே நுழைந்து இட்லிப் பானை கேட்டவர்கள் பலர். வெள்ளைச் சுவரையும் அதில் தொங்கும் ஒற்றைப் படத்தையும் பார்த்து, யாரோ செத்த வீடு என்று நினைத்துச் செருப்பைக் கழற்றியவர்களும் உண்டு. போர்டோடு சேர்த்து பூபாலனும் இருக்கட்டும் என்று ஹேமந்த் சொன்னார். சடையப்பனும் சாவியைக் கொடுக்கும்போது அதைத்தான் கேட்டுக்கொண்டார்.

பூபாலனுக்கு அதுவே பெரிய வரமாக இருந்தது. மற்றப் பாத்திரக் கடைகளில் அவரவர் மெஷின், அவரவர் ஆள். வாட்ச்மேன் வேலைக்குப் போனால் நிற்கச் சொல்வார்கள். ஐம்பத்தாறு வயதில், அந்தக் காலோடு, அவர் உட்காருவதற்கு உலகத்தில் அந்த மேடையை விட்டால் வேறு இடம் கிடையாது. அது போனால் தானும் போனமாதிரிதான் என்று அவருக்குத் தெரியும். பக்கத்துக் கடைகளில் வாங்கியதைக் கொண்டுவருகிறவர்களுக்கு வெட்டிக்கொண்டு, ஹேமந்த் கேட்டால் ஓவியர்களின் பேரைப் பித்தளைத் தகட்டில் வெட்டிக் கொடுத்துக்கொண்டு காலம் தள்ளினார்.

மூன்றாவது மாசம் ஒரு செம்பு அண்டா வந்தது. வெள்ளைப் பீடத்தில், தலைக்கு மேலே விளக்கு போட்டு, அதை நடுக்கூடத்தில் வைத்தார்கள். மாமல்லபுரத்தில் இருக்கும் கவியா என்ற பெண்ணின் படைப்பு என்றார்கள். அண்டாவில் என்ன படைப்பு என்று பூபாலன் யோசிக்கவில்லை. பெரிய இடத்து விசயம், நமக்கெதுக்கு என்று இருந்துவிட்டார்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் அதை எடுத்துப்போக மோசஸ் என்கிற டிரைவர் கார் கொண்டுவந்தார். கல்பாக்கத்தில் வேலை பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் வாங்கியிருந்தார். ஹேமந்த் அண்டாவைத் தூக்கி வாசல் வரை கொண்டுவந்து வைத்துவிட்டு, பெட்டியும் பஞ்சும் எடுத்துவர மாடிக்குப் போனார். போனவர் அங்கேயே போனில் மாட்டிக்கொண்டார்.

அண்டா பூபாலன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பழக்க தோசத்தில் திருப்பிப் பார்த்தார். கழுத்துக்குக் கீழே, பேர் இருக்க வேண்டிய இடத்தில், யாரோ தேய்த்து வழித்திருந்தார்கள். ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடியாக மின்னியது. எந்தக் குடும்பத்துப் பொருளோ, எவன் திருடி அழித்தானோ. மொட்டையாகப் போகிறதே.

"யாருக்குப்பா இது?"

"எங்க டாக்டரம்மாக்கு, அண்ணாத்த. வெள்ளிக்கிழம புது வூட்டுக்குக் குடி போறாங்க."

"அந்தம்மா பேரு இன்னா?"

"சம்பூர்ணம்."

"பேரு போடாமயா புது வூட்டுக்கு எடுத்துகினு போற?"

மோசஸும் இந்த மண்ணில் பிறந்தவர்தானே. அவருக்கும் அது நியாயமாகப் பட்டது. "ஆமாண்ணாத்த, மறந்தே பூட்டேன். நல்லா பெரிசா போடு, அம்மா சந்தோசப்படும்" என்றார்.

பூபாலன் மெஷினைப் போட்டார். 'டாக்டர் சம்பூர்ணம், புதுமனை புகுவிழா', கீழே தேதி. இரண்டு பக்கமும் ஒரு சின்னப் பூ. காசு கேட்கவில்லை. கடையின் பேரைக் காப்பாற்றிவிட்ட திருப்தியில் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது ஹேமந்த் இறங்கி வந்தார்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பெட்டியை அப்படியே தரையில் வைத்துவிட்டு, மேடை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார். கவியா அந்த அண்டாவைப் பழைய சாமான் கடையில் வாங்கி, அதில் இருந்த யாருடைய பேரையோ இரண்டு மாசம் கையாலேயே தேய்த்து அழித்திருக்கிறாள். அந்த வெற்றிடம்தான் படைப்பு. டாக்டரம்மா வாங்கியது அண்டாவை அல்ல, அந்த வெற்றிடத்தை. உள்ளே சுவரில் எல்லாம் எழுதி ஒட்டியிருந்தது. இங்கிலீஷில்.

மோசஸ் வெறுங்காரை ஓட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை கவியா வந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். சண்டைக்கு வரவில்லை என்பதே பூபாலனுக்கு வேதனையாக இருந்தது. அண்டாவை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எழுத்து அழகா இருக்குண்ணா. ஆனா நாளைக்குள்ள அண்டா போய்ச் சேரணும். நான் தேச்சா ஒரு மாசம் ஆகும். வெட்டின கைக்குத்தான் ஆழம் தெரியும். நீங்களே அழிச்சுக் குடுத்துருங்க" என்றாள்.

"நான் பேர அழிக்கிறதில்ல பாப்பா."

"உங்க மேல தப்பு சொல்லல, பூபாலன்" என்று ஹேமந்த் குறுக்கே வந்தார். "இது சரியாயிட்டா எல்லாம் பழையபடி. இல்லேன்னா, எனக்கும் வேற வழி தெரியல. வாசல்ல கண்ணாடிக் கதவு போடலாம்னு ரொம்ப நாளா ஒரு யோசனை."

கண்ணாடிக் கதவு போட்டால் மேடை இருக்காது. பூபாலன் வீட்டுக்குப் போன் போட்டு மார்கரெட்டிடம் சொன்னார். அவர் மனைவி, பள்ளிக்கூட சத்துணவுக் கூடத்தில் வேலை. எடுத்த எடுப்பில் பொரிந்தார். "ஒனக்கு இன்னாய்யா பேஜாரு? உசுரோட கீற அம்மா, அவங்களுக்கே அந்தப் பேரு வேணாம். நீ வெட்டுனது, நீயே அழி. எவன் சொத்த அழிக்கிற?"

அதிலும் நியாயம் இருந்தது. அரத்தையும் உப்புத்தாளையும் எடுத்தார். செம்பு ஏற்கெனவே மெலிந்திருந்ததால் ஓட்டை விழாமல் அழிக்க நாலு மணி நேரம் பிடித்தது. கவியா எதிரே குந்தி, அவர் கையை மட்டும் போனில் படம் பிடித்தாள். முடிந்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். வெள்ளிக்கிழமை அண்டா மொட்டையாகவே குடி போனது. மேடை தப்பித்தது.

கவியா அந்தப் படத்தை இணையத்தில் நல்ல மனசோடுதான் போட்டாள். எந்தக் கடைத்தெரு, யார் கை என்று விவரமாக எழுதியும் போட்டாள். ஒரே வாரத்தில் ஊர் முழுக்க அதைப் பார்த்தது. பார்த்தவர்களுக்கு வெற்றிடம் புரிந்ததோ இல்லையோ, அந்த ஆள் பேரை அழித்துத் தருவார் என்பது நன்றாகப் புரிந்தது. தூக்கு, போசி, குத்துவிளக்கு என்று தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். பூபாலன் ஒவ்வொருவரிடமும் "அது வேற சமாச்சாரம்பா" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். முன்பெல்லாம் முகத்தில் அடித்தாற்போல் சொல்வார். இப்போது கீழே பார்த்துக்கொண்டு சொன்னார்.

பத்தாம் நாள் காலை ஒரு ஆட்டோ வந்து நின்றது. சடையப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மறு கையில் ஒரு பித்தளைக் குடம். இந்தக் காலத்தில் கிடைக்காத கனம். மேடையில் வைத்துவிட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"பேத்திக்குக் கல்யாணம் வச்சிருக்கு பூபாலா. சீருக்கு இந்தக் குடந்தான்னு நான் சொல்லிட்டேன். சீர் வரிசையில செத்தவங்க பேரு இருக்கக் கூடாதாம். மாப்ள வூட்ல சொல்றாங்க."

பூபாலன் குடத்தைத் திருப்பினார். 'சின்னப்பொண்ணு சடையப்பன்'. அவர் வேலைக்குச் சேர்ந்த வருசம், தீபாவளிக்கு முதலாளி தன் மனைவிக்கு என்று வெட்டச் சொன்னது. எழுத்து கொஞ்சம் கோணல். அந்தம்மா இறந்து நாலு வருசம் ஆகிறது.

"அடியில பாப்பா பேர வெட்டித் தரேன் மொதலாளி. இது பாட்டுக்கு இருந்துட்டுப் போட்டுமே."

"சொல்லிப் பாத்துட்டேன். ஒத்துக்க மாட்றாங்க."

"நம்ம கடையில அழிக்கிறதில்லையே, மொதலாளி."

சடையப்பன் அண்ணாந்து போர்டைப் பார்த்தார். பிறகு, கோபமே இல்லாமல், "அந்தப் பொண்ணுக்கு அழிச்சியாமே" என்றார்.

பூபாலன் குடத்தை மடியில் சாய்த்துக்கொண்டார். அரத்தை எடுத்தார்.

"என் பேரையும் சேத்தே எடுத்துரு" என்று சொல்லிவிட்டு, சடையப்பன் தெருப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற கூட்டம் அவரை உரசிக்கொண்டு போனது. கடைசி எழுத்திலிருந்து தொடங்கினால் மனசு கொஞ்சம் தாங்கும் என்று நினைத்துப் பூபாலன் பின்னாலிருந்து தேய்த்துக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றாகப் போய், அந்தம்மா பேரில் 'சி' மட்டும் மிச்சம் இருந்தது. கை நின்றது.

"ஆச்சா?" என்றார் சடையப்பன், திரும்பாமலே.

"ஆச்சு மொதலாளி" என்று சொல்லிவிட்டு, அதையும் தேய்த்தார்.