சைனா மீனுக்குள்ள போன புளி

எங்க வீட்டுக்காரரு இன்னிக்கி போன்ல பாத்து சைனா தக்காளி மீன் செஞ்சாரு. புத்தூர்லருந்து வர்ற என் தம்பிகிட்ட, "சைனா சமையல்னா என்னான்னு காட்றேன் வாடா மச்சான்"னு நாலு நாளா பீத்திக்கினு இருந்தாரு.

மீன், தக்காளி, இஞ்சி, கொஞ்சம் சோயா சாஸ். அவ்ளோதான். மொளகாத்தூளும் கெடையாது, புளியும் கெடையாது.

"என்னாங்க, காய்ச்சக்காரனுக்கு வெச்ச ரசம் மாதிரி கீதே?"

"உனக்கு என்னா தெரியும்? நீ கைய வெக்காத!"

மேல தூவ வெங்காயத்தாள் வாங்க கடைக்கு போனாரு. தம்பி ஒரு வாய் வெச்சிட்டு சிரிச்சான்னா மனுசன் ஒரு வாரம் மூஞ்சிய தூக்கி வெச்சிக்குவாரு.

எலுமிச்சங்கா அளவு புளிய கரைச்சி ஊத்தினேன். மொளகாத்தூள் ரெண்டு ஸ்பூன் போட்டு கொதிக்க விட்டேன். நல்லவேளை, தக்காளி செவப்புல கலர் காட்டிக் குடுக்கல.

தம்பி மூணு தடவ சோறு வாங்கி துன்னான். "மாமா, அசல் நம்மூரு மீன் கொழம்பு மாதிரியே கீது!"

இவரு மீசைய தடவிக்கினே என்னை பாத்தாரு. "பாத்தியாடி, புளியே போடாம எப்டி புளிக்குதுன்னு! நீயும் கத்துக்கோ."

கத்துக்கறேங்கன்னு சொல்லிட்டேன்.

நான் பேஸ்புக்ல எத போட்டாலும் படிக்காமயே லைக் போடுவாரு, இதுக்கும் போடுவாரு. நீங்க யாரும் நேர்ல பாத்தா உளறிடாதீங்க.