நஷ்டத்தைக் காட்டத் தெரியாத பூட்டுக்காரர்

என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், பூட்டுத் தொழிற்சாலை நடத்துகிறார். தெருவில் அவருக்கு 'மகாராஜா' என்று பெயர். நடுரோட்டில் செருப்பு அறுந்தால்கூட, "புதுசு வாங்கணும்னு நானேதான் அறுத்தேன்" என்பார். மனிதருக்கு வாய் மட்டும் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும்.

அவர் வயிற்றில் அடித்தவை இறக்குமதிப் பூட்டுகள். வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் நாட்டில் விற்கும் விலையைவிடக் குறைத்து இங்கே கொண்டுவந்து கொட்டினார்கள். நாங்கள் வெறும் பித்தளை வாங்கும் விலைக்கு அவர்கள் பூட்டு, சாவி, அட்டைப்பெட்டி எல்லாம் தந்தார்கள். எங்கள் மெஷின்களில் பாதி நின்றது. ஆட்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினோம். அந்தப் பூட்டுகள்மீது கூடுதல் வரி விழுந்தால்தான் பிழைப்பு என்று, கணக்கு பார்க்கும் நான் அரசுக்கு மனுப் போட்டேன். பாதிப்பை நேரில் பார்க்க அதிகாரி வருவதாகப் பதில் வந்தது.

அத்தான் என்ன செய்தார்? சம்பந்தி வீட்டார் வருவதுபோல் தொழிற்சாலையைச் சோடித்தார். சுவருக்குப் பெயிண்ட், மெஷினுக்கு எண்ணெய். அனுப்பிய ஆட்களையும் அந்த ஒரு நாளுக்குக் கூலி பேசி வரவழைத்தார்.

"அத்தான், நாம நொடிச்சுப்போயிருக்கோம்னு காட்டணும்!"

"வர்றவங்க முன்னாடி கிழிஞ்ச சட்டையோட நிக்கச் சொல்றியாடா?"

தலையில் அடித்துக்கொண்டேன். என் தலையில்தான், அவர் தலையில் அடித்தால் அக்கா சும்மா விடமாட்டாள்.

அதிகாரி வந்தார். சின்ன வயதுப் பெண். எல்லா மெஷினும் தடதடவென்று ஓடுவதைப் பார்த்து, "நல்லாதானே ஓடுது சார்? பாதிப்பு எங்க?" என்றார்.

"பாதிப்பா? நம்மகிட்ட எவன் மோதுவான்?"

போச்சு, எல்லாம் போச்சு என்று எனக்குக் கண் இருட்டியது. அப்போது, அந்த ஒரு நாள் கூலிக்கு வந்திருந்த சாவி வெட்டும் அம்மா மெஷினை விட்டு எழுந்து வந்தார். அதிகாரி யார், எதற்கு வந்தார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. முகமெல்லாம் சிரிப்பாக, அத்தானிடம், "மெஷினெல்லாம் ஓடுதேண்ணே, நாளைக்கும் வரட்டுமா?" என்று கேட்டார்.

அத்தான் வாயைத் திறந்தார். அந்த அம்மா காத்துக்கொண்டு நின்றார்.

"இல்லம்மா," என்றார் கடைசியில். "நாளைக்கு வேலை இல்ல."

அத்தான் யார் முகத்தையும் பார்க்காமல் போய், மெஷின்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார். சத்தம் அடங்கியதும் அதிகாரி எழுத ஆரம்பித்தார்.